நகரக் கோயில், விடுதி இணையதளப் பொறுப்பாளர்களுக்கு: அப்டேட் பாதியில் நின்றால் மறுபடி அழுத்தாதீர்கள்

செட்டிநாட்டு நகரத்தாரின் நகரக் கோயில்கள், விடுதிகள், ஊர்ச் சங்கங்களின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக் கமிட்டியாருக்கு,

வணக்கம். அப்டேட்டைத் தள்ளிப்போடும் காலம் முடிந்துவிட்டது. தளங்களை இயக்கும் நிரல்மொழியான பி.எச்.பி.யின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரிலும், வேர்டுபிரஸ் போலத் தளம் நடத்தும் மென்பொருள்களான ஜூம்லா 3-க்கு 2023 ஆகஸ்டிலும், ட்ரூபல் 7-க்கு 2025 ஜனவரியிலும் நின்றன. சர்வர்கள் பி.எச்.பி. 8-க்கு மாறிக்கொண்டே வருகின்றன. செய்துதான் ஆக வேண்டும். ஆனால் அப்டேட் கெடுப்பதைவிட, கெட்ட பிறகு பதறிப்போய் ஆளாளுக்குக் கை வைப்பது கெடுப்பதுதான் அதிகம். இந்த மடல் அதைப் பற்றி மட்டும்.

வேர்டுபிரஸில் ‘சிறிது நேரம் பராமரிப்பில் உள்ளது’ என்ற அறிவிப்போடு தளம் நின்றுவிட்டால், உடனே மறுபடி அப்டேட் பொத்தானுக்குப் போகாதீர்கள். தளத்தின் மூல ஃபோல்டரில் ‘மெயின்டெனன்ஸ்’ என்று புள்ளியில் தொடங்கும் ஒரு மறைந்த ஃபைல் இருக்கும். பத்து நிமிடம் கழிந்தால் அதை வேர்டுபிரஸே பொருட்படுத்தாது. முன்னதாக வேண்டுமென்றால் அழிக்கலாம். அதை அழித்தால் அறிவிப்பு போகும், பாதியில் நின்ற ஃபைல்கள் அப்படியேதான் இருக்கும். எனவே முதலில் ஹோஸ்டிங்கில், அதாவது தளத்துக்கு வாடகைக்கு எடுத்த சர்வரில், இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடத்துத் திருவிழா பேக்கப் ஜிப்கள், யாரும் திறக்காத மெயில் பெட்டிகள் எல்லாம் அதே கணக்கில்தான் இடத்தை அடைக்கின்றன. இடம் பண்ணிய பிறகு, அதே பதிப்பைப் புதிதாக இறக்கி, ‘அட்மின்’, ‘இன்க்ளூட்ஸ்’ என்ற இரண்டு ஃபோல்டர்களையும் முழுவதுமாக மாற்றுங்கள். வெளியே இருக்கும் மற்ற மூல ஃபைல்களையும் மாற்றுங்கள். ‘கன்டென்ட்’ ஃபோல்டரையும் ‘கன்ஃபிக்’ ஃபைலையும் தொடவே கூடாது. படங்களும், கூடுதல் வசதிக்குச் சேர்த்த துணை நிரல்களான பிளகின்களும் முதலாவதில்; தளத்தின் எழுத்துகளும் தகவல்களும் சேமிக்கப்படும் டேட்டாபேஸின் கடவுச்சொல் இரண்டாவதில்.

வெள்ளைத் திரையோ ‘மோசமான பிழை’ என்ற வாசகமோ வந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. கன்ஃபிக் ஃபைலில் பிழையைக் காட்டும் ‘டீபக்’ வசதியை இயக்கி, பிழைகளை லாக் என்ற குறிப்பு ஃபைலில் எழுதச் சொல்லி, திரையில் காட்டுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தை ஒருமுறை திறங்கள். லாக்கின் கடைசி வரிகளில் எந்த ஃபோல்டர், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்பது இருக்கும். பெரும்பாலும் அது யாரோ தெரிந்தவரைக் கொண்டு எழுதிய பழைய ரூம் புக்கிங் பிளகினாக இருக்கும். ‘ஈச்’, ‘கிரியேட் ஃபங்ஷன்’ போன்ற பழைய கட்டளைகளை பி.எச்.பி. 8 நீக்கிவிட்டது, அவை இருக்கும் பிளகின் விழும். அந்த ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினால் போதும், தளம் எழுந்துவிடும். பி.எச்.பி.யைத் தற்காலிகமாக 7.4-க்கு இறக்கினாலும் எழும், ஆனால் அது ஒரு வாரத்துக்கான தவணைதான். வேலை முடிந்ததும் லாக்கை அழித்துவிடுங்கள். பல சர்வர்களில் அதை வெளியாரும் திறந்து படிக்க முடியும்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஈடுகட்ட முடியாத நஷ்டம் வருவது இங்கேதான். பழைய தளங்கள் பலவற்றில் டேட்டாபேஸ் அட்டவணையின் எழுத்துக்குறி, ஐரோப்பிய எழுத்துகளுக்கான ‘லத்தீன்-1’ என்று இருக்கும், உள்ளே இருப்பதோ யூனிகோட் தமிழ். இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் இத்தனை வருடம் சரியாகவே தெரிந்தது. அப்டேட்டின்போது யாராவது கன்ஃபிக் ஃபைலில் எழுத்துக்குறியை யூனிகோடுக்கான யூ.டி.எஃப்-8 என்று மாற்றினால், கோயில் வரலாறு முழுக்கக் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக மாறிவிடும். அந்த வரியைப் பழையபடி வைத்தால் தமிழ் திரும்பும். நிரந்தரத் தீர்வு வேறு: அட்டவணையின் அந்த நெடுவரிசைகளை முதலில் எழுத்துக்குறி இல்லாத பைனரி வகைக்கு மாற்றி, அதன் பிறகு யூ.டி.எஃப்-8 எம்.பி-4 என்று அறிவிக்க வேண்டும். நேரடியாக மாற்றினால் குப்பை இரட்டிப்பாகும். பேக்கப் பிரதியில் செய்து பார்த்த பிறகே அசலில் கை வைக்க வேண்டும்.

எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் தெரிந்தால் இன்னும் கவனம். அப்போதும் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கக்கூடும், டேட்டாபேஸ் இணைப்பின் எழுத்துக்குறி மட்டும் தவறியிருக்கலாம். ஆனால் அந்த நிலையில் ஒருவர் பக்கத்தைத் திறந்து ‘சேமி’ என்று அழுத்தினால் கேள்விக்குறிகளே டேட்டாபேஸில் ஏறும். பிறகு மீட்க வழியில்லை. அன்று நிர்வாகப் பகுதியில் யாரும் நுழையக் கூடாது. ‘0900’ என்ற எண்ணோடு வரிசைக்குறிப் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையின் பெயர்) பிழை வந்தால், மை-எஸ்.க்யூ.எல். 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எடுத்த பேக்கப், அந்தக் குறியை அறியாத பழைய மரியா டிபி என்ற வேறொரு டேட்டாபேஸ் மென்பொருளில் ஏறவில்லை என்று பொருள். பேக்கப் ஃபைலில் அந்தக் குறியை ‘யூனிகோட்’ வகைக்கு மாற்றினால் ஏறும்.

முகவரிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. வேர்டுபிரஸ் பக்க முகவரிக்கு 200 இடம்தான் தருகிறது. எழுத்து, புள்ளி, கொம்பு, கால் என ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் அதில் 9 இடம் எடுக்கும். ‘பிள்ளையார்பட்டி’ என்ற ஒரு சொல்லுக்கே 135 போய்விடும். நீண்ட தலைப்புகள் நடுவில் வெட்டுப்படும். மாற்றத்துக்குப் பிறகு முகப்பு திறந்து உள்பக்கங்கள் மட்டும் ‘காணவில்லை’ என்றால், செட்டிங்ஸில் முகவரி அமைப்புக்கான பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமியுங்கள். பாதிக்குமேல் அதிலேயே சரியாகும்.

விடுதித் தளங்களுக்குத் தனியாக ஒன்று. அப்டேட் கெட்டதும் பழைய பேக்கப்பை ஏற்றினால், பேக்கப் எடுத்த பிறகு வந்த புக்கிங்கும் நன்கொடையும் அழியும். பணம், ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயில் இருக்கும், தளத்தில் பெயர் இருக்காது. அதனால் பேக்கப் எடுக்கும் முன்பே புக்கிங் படிவத்தை மூடுங்கள். நடுராத்திரியில் யார் வரப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நமக்கு நடுராத்திரி என்றால் அமெரிக்காவில் இருக்கும் நகரத்தாருக்குப் பகல். மூடாமல் ஏற்றிவிட்டிருந்தால், கேட்வேயின் அன்றைய அறிக்கையை வைத்து ஒவ்வொன்றாகக் கையால் சேர்ப்பதைத் தவிர வழி இல்லை. தைப்பூசப் பாதயாத்திரை சமயத்திலும் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி விழா நாட்களிலும் இந்த வேலையே வேண்டாம்.

ஜூம்லா வைத்திருப்போர் 3.10, அடுத்து 4.4, அதன் பிறகு 5 என்ற வரிசையில் ஏறுங்கள்; 5-க்கு பி.எச்.பி. 8.1-ஆவது வேண்டும். 3-இன் டெம்ப்ளேட் (தளத்தின் தோற்ற அமைப்பு) 4-இல் நிற்காது, புதிதுக்குச் செலவு ஒதுக்குங்கள். ட்ரூபல் 7-இலிருந்து மேலே போவது அப்டேட்டே அல்ல, புதுத் தளம் கட்டிப் பழைய சரக்கைக் குடிமாற்றுவது. அப்படியே விலை பேசுங்கள்.

கமிட்டியாரிடம் நாங்கள் கேட்பது: டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங், நிர்வாகக் கணக்கு மூன்றும் டிரஸ்டின் பெயரில், டிரஸ்டின் மெயில் முகவரியில் இருக்கட்டும். 5.2 பதிப்பிலிருந்து தளம் விழும்போது வேர்டுபிரஸ் உள்ளே நுழைய ஒரு மீட்பு இணைப்பை நிர்வாகி மெயிலுக்கு அனுப்புகிறது. காரியப் பொறுப்பு கைமாறியும் முகவரி மாறாததால், அது எப்போதோ பொறுப்பில் இருந்த அண்ணன் ஒருவரின் பெட்டியில் போய்க் கிடக்கிறது. பொறுப்பு ஒப்படைக்கும் அன்றே அந்த முகவரியையும் மாற்றி, கடவுச்சொற்களைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அசல் தளத்தின் நகலை ஒரு சப்-டொமைனில் (அதே பெயரின் கீழ் வரும் தனி முகவரி), கடவுச்சொல் போட்டு வைத்து, அப்டேட்டை முதலில் அங்கே ஓட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எழுதும்போது, கணக்குகள் டிரஸ்டின் பெயரில் இருப்பது, அப்டேட்டை முதலில் நகலில் ஓட்டுவது என்ற இந்த இரண்டு வரிகளும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார இணையதளப் பராமரிப்பாளர்கள்