சவுத் பேங்க் டோர்னியர்: நான் கடன்பட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

1942இல் சவுத் பேங்கில் விழுந்த டோர்னியர் என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தின் இடம் உறுதியாகிவிட்டது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சொன்னபடியே அழைத்துப் போனோம். மழையும் கொஞ்சம் இரக்கம் காட்டியது. போன மாதம் நடந்த கூத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை மறுபடி கிளறப் போவதில்லை. "இவர் காட்டுகிற இடமே தப்பு" என்று சபையில் எழுந்து சொன்னவர்மீது இப்போது எனக்குக் கோபமும் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது. ஆறிவிடும்.)

விமானம் எது, அதில் இருந்தவர்கள் யார் என்பதில் எப்போதுமே சண்டை இருந்ததில்லை. 1942 ஜனவரி 15, மாலை நேரம். ஜெர்மனியின் இரண்டாம் குண்டுவீச்சுப் படையணியைச் சேர்ந்த டோர்னியர் 217, வடகிழக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவுக்கு மேலே, தாழப் பறக்கும் விமானங்களைத் தடுக்கக் கட்டி விட்டிருந்த பலூனின் கம்பி வடத்தில் மோதி, சவுத் பேங்கில் கிளே லேன் இரும்பாலையை ஒட்டிய ரயில் பாதையில் விழுந்தது. உள்ளே நால்வர்: லேனிஸ், மாட்டெர்ன், மானெக்கே, ரிக்டர். மூவரின் உடல் கிடைத்தது, பக்கத்து ஊரான தோர்னபி மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நான்காமவரான ஹைன்ரிக் ரிக்டர் கிடைக்கவில்லை. விமானத்தின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்துபோயிருந்தது. குழியை மூடி, மேலே தண்டவாளம் போட்டு, ரயிலை ஓட விட்டுவிட்டார்கள். 1997இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியவர்களின் இயந்திரம் உலோகத்தில் இடித்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். 1998 அக்டோபரில், ராணுவ மரியாதையுடன், தம் தோழர்களின் பக்கத்திலேயே அடக்கமானார்.

எங்கள் தகராறு எல்லாம் அந்தக் குழி இன்றைய தரையில் எங்கே என்பதுதான். உலைகள் இல்லை, பக்கத் தடங்கள் இல்லை, சாலையும் மாறிவிட்டது. செய்தித்தாள்கள் "ரயில் பாதையோரம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டன. மிடில்ஸ்பரோவுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதையோரம் என்றால் அது ஓர் ஊரளவு நீளம்.

இந்த நிலையில்தான் நூலகத்தில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. நானும் நூலகரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த மேசையில் குதிரைப் பந்தயப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார், எழுந்து வந்து ஒரு நோட்டம் விட்டார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த வாரம் கையில் ஒரு சுருளோடு வந்து நின்றார்.

வெண்ணெய்த்தாள் போல ஒளி ஊடுருவும் நகல்தாள். அதில் தாம் வேலை பார்த்த காலத்துத் தடங்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக இழுத்திருந்தார். கைகாட்டிக் கம்பங்களுக்குச் சின்னக் குறுக்குக் கோடு, தடம் பிரியும் இடத்துக்கு முக்கோணம், தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு அலைக்கோடு. அழித்து அழித்து எழுதியதில் ஓரிடத்தில் தாள் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. யாரும் கேட்காத வேலை இது. ஒரு வாரம் முழுக்க ராத்திரியில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்று பிறகு அவருடைய மனைவி சொல்லித்தான் தெரியும்.

இங்கிலாந்தின் ரயில் பாதைகளை இன்றும் பெரும்பாலும் மைலும் சங்கிலியுமாகத்தான் அளக்கிறார்கள். 22 கெஜம் ஒரு சங்கிலி, 80 சங்கிலி ஒரு மைல். பெரியவர் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றும் நிற்கிற ஒரு பாலத்தைப் பிடித்துக்கொண்டார், அதிலிருந்து இத்தனை சங்கிலி என்று எண்ணினார், நகல்தாளைப் பழைய வரைபடத்தின்மேல் வைத்து நகர்த்தினார், பிறகு அப்படியே புதிய வரைபடத்தின்மேல் வைத்தார். தோண்டியவர்கள் விட்டுப்போன குறிப்பும் அவருடைய முக்கோணமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. நூலகர் கை தட்டிவிட்டார், நூலகத்தில்.

ரிக்டரை அப்படியே விட்டு மூடினார்களே என்று நான் குறைபட்டுக்கொண்டதற்கு அவர் முகம் சுளித்தார். போர்க்காலம், ஆலைக்குக் கனிமம் வந்தாக வேண்டும், இரும்பு போயாக வேண்டும், மண்வெட்டியோடு நின்றவனுக்குக் கிடைத்த நேரம் சில மணிகள், நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பணம் வாங்க மறுத்தார், சாப்பிடக் கூப்பிட்டேன், அதற்கும் மறுத்தார். பெயரை எங்கும் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்: பிள்ளைகளிடம் விமானத்தைப் பற்றி மட்டும் பேசாதே, குளிரில் அந்தப் பலூனை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் பற்றியும் பேசு. பேசினேன் ஐயா. பலூனை எப்படிக் கட்டி வைத்தார்கள் என்றுதான் அதிகக் கேள்விகள் வந்தன.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மன் கடிதங்களை வாசித்து, தொலைபேசியிலேயே வரி வரியாகத் தமிழில் சொன்ன டோர்ட்முண்ட் அக்காவுக்கு; பெர்லினில் எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று வழிகாட்டிய அவருடைய மகனுக்கு; ஆவணக் காப்பகத்தில் பொறுமையோடு பெட்டி பெட்டியாக எடுத்துத் தந்த இரண்டு பெண்களுக்கு; வேன் ஓட்டிய தம்பிக்கு; வடையும் தேநீரும் கொண்டுவந்த பெற்றோருக்கு; சாப்பாட்டு மேசையை வரைபடத்துக்கு விட்டுக்கொடுத்த என் வீட்டுக்காரிக்கு.

குண்டு போட வந்தவனுக்கு இவ்வளவு பாடா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். இந்த ஊர் ஜெர்மன் குண்டுகளுக்குத் தன் மக்களைப் பறிகொடுத்த ஊர். ஆனால் காணாமல் போன ஒருவருக்கு, 56 ஆண்டு கழித்தாவது, பெயர் எழுதிய ஒரு கல் கிடைத்தது என்றால் அது வீட்டாருக்கு என்ன என்பதை நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நினைவுப் பலகையில் நால்வரின் பெயரும் இருக்கும். அதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

அந்த நகல்தாளைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்ள ஆசைதான். பெரியவர் சம்மதித்துவிட்டதால் காப்பகத்துக்கே கொடுக்கிறேன். அடுத்த செவ்வாய் பதினொரு மணிக்குக் கொண்டுபோகிறோம். அதற்கு முன்னால் நல்ல தரத்தில் படியெடுக்க வேண்டும். பெரிய அளவு ஸ்கேனர் கைவசம் உள்ளவர்கள் திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.