மலருக்கு, தாராவியிலிருந்து அப்பா

அன்புள்ள மலர்,

நேற்று போனில் நான் "ம்… ம்…" என்று முனகியதைக் கேட்டுப் பயந்துவிட்டாயாம், அம்மா சொன்னாள். பயப்பட ஒன்றும் இல்லை. கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, அவ்வளவுதான். ஓரிரு நாள் அதிகம் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் கடிதம். உன் அம்மாவுக்கு இதில் ரொம்ப சந்தோஷம். கல்யாணம் ஆனதிலிருந்து வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லையாம்.

ஞானப்பல்லை எடுக்கச் சொன்னதிலிருந்து நீ நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறாய். உனக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பிடுங்கும்போது வலி இல்லை, மலர். மரத்துப்போகிற ஊசி ஏறும்போது சுருக்கென்று ஒரு குத்து, அப்புறம் தாடையை அழுத்துவது மட்டும்தான் தெரியும். முன்னாலேயே சர்க்கரை எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டார்கள். நீயும் சாப்பிடுகிற மருந்து எதையும் மறைக்காமல் சொல்லிவிடு.

கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். அதுவும் வலியால் இல்லை, சும்மா இருக்க முடியாததால். பல் இருந்த பள்ளத்தில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அடியிலிருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. அதைக் கலைக்காமல் விட்டால் ஈறு தானாக மூடிக்கொள்ளும். கலைந்துபோனால் இரண்டு மூன்று நாளில் காது வரைக்கும் வலி இழுக்குமாம். டிரை சாக்கெட் என்கிறார்கள். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு அது அதிகம் வரும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அதை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று என்று சொல்லலாமென்றால் வாய் நிறைய பஞ்சு.

அந்தப் பஞ்சை முக்கால் மணி நேரம் போல அழுத்திக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சக் கூடாது. இளநீர்கூட டம்ளரில் ஊற்றித்தான். எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரியும், அதைப் பார்த்துவிட்டு உன் அம்மா மாதிரி பக்கத்து வீட்டாரைக் கூட்டாதே. முதல் நாள் ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிஷம் வை, எடு, மறுபடி வை. படுக்கும்போது தலையணையை உயர்த்திக்கொள். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. அதையும் கரகரவென்று கொப்பளிக்காமல், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு வாயைத் திறந்து தானாக வழிய விட வேண்டும். நான் வாஷ்பேசினில் குனிந்து நிற்கிற கோலத்தைப் பார்த்து உன் தம்பி வீடியோ எடுக்கிறான். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் அதிகமாகத் தெரியும், அப்புறம் வடிந்துவிடும்.

எதிர்வீட்டு மாவ்சி கிராம்பை நசுக்கிப் பள்ளத்தில் அடைக்கச் சொன்னார். ஊரில் அப்படித்தான் என்று உன் அம்மாவும் டப்பாவைத் திறந்துவிட்டாள். பல் வலிக்குக் கிராம்பு சரி, பிடுங்கிய புண்ணில் நாமாக எதையும் திணிக்கலாமா? இரண்டு பேரையும் சைகையிலேயே சமாளித்தேன். ஆனால் அதே மாவ்சி பாசிப்பருப்புக் கிச்சடியைக் குழைய வேகவைத்து, மிளகாய் போடாமல், மேலே நெய் விட்டு அனுப்பினார் பார், ஆறவைத்து வலதுபக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி விழுங்கினேன். அமிர்தம். உன் அம்மா வைத்த கஞ்சியைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை, இந்தக் கடிதத்தை அவள்தான் தபாலில் போடுகிறாள்.

டீ குடிக்க முடியாததுதான் பெரிய கொடுமை. சூடு ஆகாது. 90 அடி ரோட்டில் நடந்தால் கட்டிங் சாய் வாசனை ஒருபக்கம், வடாபாவ் வாசனை ஒருபக்கம். அந்தப் பூண்டுச் சட்னிப் பொடி ஒரு துணுக்கு பள்ளத்துக்குள் போனால் போதும், வம்புதான் என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நாக்கைத்தான் அடக்க முடியவில்லை. கொஞ்சம் அசந்தால் அந்தப் பள்ளத்தில் போய் நிற்கிறது.

உன் பல் படுத்தவாக்கில் முளைத்திருக்கிறது என்றாயே, அதற்கு ஈறைக் கீறித் தையல் போடுவார்கள், என்னைவிட ஒன்றிரண்டு நாள் கூடுதலாக வீங்கும். ஆஸ்பிரினை நீயாக வாங்கிப் போடாதே, ரத்தம் நிற்காது. எழுதிக்கொடுத்த மாத்திரை மட்டும் போடு. ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, குறைய வேண்டிய வலி கூடினாலோ எனக்குப் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் நேராக டாக்டரிடம் போ.

வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள், சனி ஞாயிறு படுத்துக் கிடக்கலாம். தேதியைச் சீக்கிரம் சொல். அம்மாவுக்குச் சென்னை டிக்கெட் எடுக்க வேண்டும், கடைசி நேரத்தில் சொன்னால் வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா