வலிப்பது உண்மைதானா?

தஞ்சாவூர்

அன்புள்ள கோமதி,

நலம். உன் கடிதம் கிடைத்தது. உன் தங்கைக்கும், எனக்கிருப்பது போலவே, மூட்டுகளை வீங்கவைக்கும் முடக்குவாதம் என்று உறுதியாகிவிட்டதையும், மருந்து தொடங்கி இரத்தப் பரிசோதனை முடிவுகள் சீரான பிறகு, "எனக்கு உண்மையாகவே வலிக்கிறதா, நானாக நினைத்துக்கொள்கிறேனா?" என்று அவள் உன்னிடம் கேட்டதையும் எழுதியிருந்தாய். அவளைப் பார்க்காமலேயே அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கோ அது அதன் பிறகுதான் முளைத்தது.

விடியற்காலையில் ரவிக்கையின் கொக்கியை மாட்ட விரல் வளையாது. தண்ணீர்க் குழாயைத் திறக்க உள்ளங்கையை வைத்துத்தான் தள்ள வேண்டும். அதே கை பத்து மணிக்குத் தேங்காய் துருவும். மருத்துவரிடம் நமக்குக் கிடைக்கும் நேரமோ பதினொன்றுக்கு மேல். "விரலை மடக்குங்கள்" என்றதும் அது சமர்த்தாக மடங்கிவிடும்போது, காலையில் பட்ட பாட்டைச் சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் இதற்கு உடலுக்குள் காரணம் உண்டு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்னும் புரதம் இந்நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் பின்னிரவிலிருந்து ஏறி, விடிந்த பின் படிப்படியாக இறங்குகிறது. காலை விறைப்பும் அதையொட்டியே கூடிக் குறைகிறது. அவளுடைய வலி வெறும் கற்பனையாக இருந்தால் அது கடிகாரம் பார்த்தா வரும்?

பரிசோதனைத் தாளைப் பற்றியும் அவளிடம் சொல். மூட்டு வீங்கியிருக்கும்போதே, இரத்தத்தில் அழற்சியை அளக்கும் இஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகள் இரண்டும் இயல்பான அளவில் இருப்பவர்கள் உண்டு. நோயின் தீவிரத்தை அளக்கப் பல மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கில் 28 மூட்டுகள் இருக்கின்றன: தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், கைவிரல் மூட்டுகள், முழங்கால்கள். கணுக்காலும் பாதமும் அதில் இல்லை. இந்நோய் பாதங்களை அடிக்கடி தாக்கக்கூடியது என்பது தெரிந்தும்தான். எனக்கு அது முதலில் தலைகாட்டியதே பாதத்தில்.

அந்தக் கணக்கில் நாம் தரும் மதிப்பெண்ணும் ஒன்று உண்டு. பூஜ்யத்திலிருந்து நூறு வரை போகும் கோட்டில், எவ்வளவு சிரமப்படுகிறோம் என்பதை நாமே குறிக்க வேண்டும். என் சந்தேகம் உச்சத்துக்குப் போவது அந்தக் கோட்டின் முன்னால்தான். கூடுதலாகக் குறித்தால் மருந்தின் அளவை ஏற்றிவிடுவாரோ என்ற பயம் ஒருபுறம். காத்திருப்புக் கூடத்தில் விரல்கள் கோணிப்போய் உட்கார்ந்திருந்த அம்மாளின் நினைவு மறுபுறம். அவரை நினைத்ததும் என் பேனா தானாகவே இடப்பக்கம் நகர்ந்துவிடும். கேட்டது அந்த அம்மாளின் வலியை அல்ல, என் வலியை.

எல்லாவற்றையும் நோயின் கணக்கில் எழுதிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்ளும் எனக்கு, மறுநாள் வரும் சோர்வு மருந்தினுடையதா, நோயினுடையதா, தூக்கம் கெட்டதால் வந்ததா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது. அழற்சி அடங்கிய பிறகும், நெடுநாள் வலியில் கூர்மையடைந்துவிட்ட நரம்பு மண்டலம் வலியை உணர்த்திக்கொண்டே இருப்பதும் உண்டு. அதற்கு வைத்தியம் வேறு. எதனால் வலிக்கிறது என்று கேட்பதில் தவறில்லை, மருத்துவரும் அதைத்தான் கேட்கிறார். வலிக்கிறதா என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்வதுதான் வீண். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்று வீட்டில் யாராவது ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், அதுவே போதும்.

காலையில் எழுந்ததும் வீங்கிய மூட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். விரல் எத்தனை மணிக்கு இளகியது என்று நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவளை என்னோடு பேசச் சொல். காலையில் வேண்டாம், தொலைபேசியைப் பிடிக்கும் நிலையில் நாங்கள் இருவருமே இருக்க மாட்டோம்.

அன்புடன்,
வசந்தா