இணைய முகவரியை வாயால் சொல்லிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவருகிறேன். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், துணிப்பை என எதை அச்சடிக்க வந்தாலும், கடைசி வரியில் ஓர் இணைய முகவரியையும் சேர்க்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வரிக்குப் பிழை திருத்தும்போது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பலகாரக் கடைக்காரர் ஒருவர் கொண்டுவந்த முகவரியில் ஊர்ப் பெயரும், 'சிறந்த', 'நெய்', 'இனிப்பு' என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் இடைவெளியின்றி ஒட்டிக்கிடந்தன. கடையின் பெயரை மட்டும் காணோம். இப்படி வைத்தால்தான் கூகுளில் முதலில் வரும் என்று யாரோ சொன்னார்களாம். ஒரு காலத்தில் அதற்குப் பலன் இருந்தது உண்மைதான். ஆனால், தேடும் சொல்லையே பெயராகச் சூடிக்கொண்டு உள்ளே சரக்கில்லாமல் இருக்கும் தளங்களைப் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தைக் கூகுள் 2012-இலேயே செய்துவிட்டது. பையில் அந்த முகவரி இரண்டு வரியாக உடைந்தது. வாங்கியவர்கள் முதல் வரியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுத் தளமே இல்லை என்றார்கள்.

கடைப் பெயரையே வைத்தாலும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'ழ' வரும் பெயரை ஒருவர் 'எல்' என்றும், மற்றொருவர் 'இசட் எச்' என்றும் எழுதுவார். 'த'வுக்குப் பின் 'எச்' வேண்டுமா என்பது வீட்டுக்கு வீடு மாறும். 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020 ஜூனில் வெளியிட்ட அரசாணையைத் தமிழக அரசே சில நாட்களில் திரும்பப் பெற்ற ஊர் இது. ஆகவே பெயரைத் தொலைபேசியில் நான்கு பேரிடம் சொல்லி, அவர்கள் தட்டச்சு செய்வதைப் பார்த்தபின் பதிவு செய்வதே நல்லது. இயன்றால் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடலாம்.

தளத்துக்குள் இருக்கும் பக்கங்களின் முகவரியில் தமிழ்த் தலைப்பை அப்படியே வைப்பதைத் தேடுபொறிகள் தடையின்றிப் படிக்கின்றன, இடர்ப்படுவது மனிதர்கள்தாம். உலாவியில் அழகாகத் தெரியும் 'தமிழ்' என்ற சொல், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த 45 எழுத்துகளாக நீண்டுவிடுகிறது. அதைப் பார்த்து மோசடி லிங்க் என்று அஞ்சுபவர்களைக் குறை சொல்ல முடியாது. முகவரியில் சொற்களைப் பிரிக்க அடிக்கோட்டைவிட (_) இடைக்கோடே (-) மேல் என்று கூகுளும் சொல்கிறது. அச்சுக்காரனுக்கு இதில் தனிக் காரணமும் உண்டு: முகவரிக்கு அடியில் கோடு போட்டால் அடிக்கோடு அதில் மறைந்துபோகும்.

அதே கடைக்காரர் பின்னர் தளத்தைப் புதுப்பித்தபோது பக்கங்களின் முகவரிகள் எல்லாம் மாறின. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு எளிதே. அமைத்துக் கொடுத்தவர் அதைச் செய்யவில்லை. பையில் அச்சிட்டிருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் 'பக்கம் இல்லை' என்று வந்தது; தேடலில் அந்தப் பக்கங்கள் பெற்றிருந்த இடமும் போயிற்று.

தளம் அமைத்துத் தருபவர்கள் இதையும் தங்கள் வேலையில் ஒரு பகுதியாகக் கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பைகளில் இரண்டு கட்டு இன்னும் என் அச்சகத்தில்தான் கிடக்கின்றன.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
கும்பகோணம்.