டிஸ்க்கை எடை போட்டுச் சொல்லுங்கள்

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு சர்வீஸ் செய்யும் நிறுவனங்களின் மேலாளர்களுக்கு,

வணக்கம். கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேட்பது ஒன்றுதான். மாற்றச் சொல்வதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி எடை போடுங்கள், அந்த எடையை ஜாப் கார்டில் எழுதுங்கள்.

போன மாதம் பிரேக் பேட் மாற்ற வண்டியை விட்டேன். சாயங்காலம் போன் வந்தது: "சார், முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் போயிடுச்சு, மாத்தணும்." எஸ்டிமேட் தொகைக்குப் புதிதாக ஒரு சின்ன காரே வாங்கிவிடலாம். நேரில் போனேன். அட்வைசர் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்துக் காட்டினார். டிஸ்க் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. அதன் நடுப்பகுதியில், தூசிக்கு அடியில், மினிமம் எடை கிராமில் பொறித்திருந்தது. துணியால் துடைத்துக் காட்டினேன். "இங்க தராசு இல்ல சார்" என்றார்.

ஸ்டீல் என்று நாம் சொல்லும் வார்ப்பிரும்பு டிஸ்க்குக்குத் தடிமனை அளந்தால் போதும். செராமிக்கில் தெருவில் ஓட்டுவதால் தடிமன் அவ்வளவாகக் குறையாது. ரேஸ் ட்ராக்கில் திரும்பத் திரும்பச் சூடேறும்போது உள்ளே இருக்கும் கார்பன் எரிந்து எடை குறையும். எடை போடாவிட்டால் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டு ஒருவர் பணத்தை இழப்பார். இன்னொருவர் கெட்டுப்போன டிஸ்க்கோடு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதிப்பார். போர்ஷே 911 ஜிடி2 காரில் இந்த செராமிக் டிஸ்க் வந்தது 2001-ல். இத்தனை வருடத்தில் ஒரு தராசு வாங்க முடியவில்லையா?

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். பக்கத்து வண்டியில் ஒரு பையன், கழற்றும்போது சக்கரம் சரியாமல் தாங்கும் கைடு பின் போடாமல் சக்கரத்தை இழுத்தார். ரிம் சரிந்து டிஸ்க் விளிம்பில் இடித்தது. இரும்பில் அது ஒரு கீறல். செராமிக்கில் விளிம்பு பெயர்ந்தால் டிஸ்க்கையே மாற்ற வேண்டி வரலாம். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான் என் கவலை.

விற்கும்போது மட்டும் எல்லாம் சொல்கிறீர்கள். இரும்பில் ஏறக்குறைய பாதி எடை, ஈசிஆர் உப்புக்காற்றிலும் துருப்பிடிக்காது, ரிம்மில் கருந்தூசி அதிகம் படியாது. எல்லாமே உண்மை. அடிக்கடி ட்ராக்குக்குப் போகிறவருக்கு இரும்பு டிஸ்க்தான் சிக்கனம் என்பதையும் அதே மேசையில் சொல்லலாமே. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவன் கணக்குக் கேட்க மாட்டான் என்ற நினைப்பு உங்கள் கவுன்ட்டர்களில் இருக்கிறது. எங்களில் பலர் பழைய வண்டியைக் கடனில் வாங்கி, ஞாயிறு விடியற்காலையில் மட்டும் வெளியே எடுப்பவர்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்போம்.

கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒவ்வொரு கடையிலும் ஒரு நல்ல தராசும் கைடு பின்களும் வையுங்கள். மாற்றிய டிஸ்க்கை வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். என் வண்டி இன்னும் உங்களில் ஒருவரிடம்தான் நிற்கிறது. டிஸ்க்கை இறக்கி, சுத்தம் செய்து, எடை போட்டு எழுதி அனுப்புங்கள். மினிமத்துக்குக் கீழே இருந்தால் மறுநாளே பணம் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவான்மியூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்