ரஜூலாவைக் கரைசேர்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளி நாடகக் கழக மாணவர்கள் ரஜூலா கப்பலைப் பற்றிய நாடகத்தை நல்லபடியாக மேடையேற்றிவிட்டார்கள். மண்டபம் நிறைந்து, இடமில்லாதவர்கள் சன்னலோரம் நின்று பார்த்தார்கள். யாருக்கும் கடன் பாக்கி இல்லை. அடுத்த நாடகத்துக்கு என்று ஒரு தொகையும் கையிருப்பில் இருக்கிறது. பினாங்கிலும் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த், பிறை வட்டாரங்களிலும் இருந்து உதவிய அத்தனை பேருக்கும் நேரில் வந்து நன்றி சொல்ல முடியாததால் இந்த மடலை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே அவரவர் செய்த உதவியைச் சொல்கிறேன். யார் என்பது ஊருக்குத் தெரியும்.

பள்ளி நாடகத்துக்கு என்ன பெரிய செலவு என்று சிலர் நினைக்கலாம். ஒலி, ஒளிக் கருவிகளின் வாடகை, உடை, ஒப்பனை, மேடைப் பின்னணி, ஒத்திகை நாட்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மலர் அச்சிடும் செலவு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு யோசனைகள் வரிசையாக வந்தன. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் யாரையாவது பார்த்துப் பேசலாம், விருந்து நிகழ்ச்சி வைக்கலாம், உண்டியலோடு பிள்ளைகளைக் கடைவீதிக்கு அனுப்பலாம், அதிர்ஷ்டக் குலுக்கு நடத்தலாம் என்றெல்லாம் பேசினார்கள்.

அப்போது ஒரு மாணவியின் பாட்டி எழுந்து சொன்னதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். "காசை அப்புறம் கேளுங்கள், டீச்சர். கப்பலில் வந்தவர்களுடைய பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்" என்றார். எங்கள் நிதி திரட்டும் வேலை முழுவதும் அந்த ஒரு பேச்சின் மீதுதான் நடந்தது. பணம் கேட்டுப் போன இடங்களில் கிடைத்ததைவிட, பொருளும் கதையும் கேட்டுப் போன இடங்களில்தான் பணமும் அதிகமாகக் கிடைத்தது.

ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த டெக் பயணிகளின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்று எங்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டியின் பேச்சைக் கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பினோம். தகரப்பெட்டி, பித்தளைச் செம்பு, பழைய கடப்பிதழ் (பாஸ்போர்ட்), புகைப்படம் என எது இருந்தாலும் இரவலாகக் கொடுங்கள் என்று எழுதினோம். வந்து குவிந்தவற்றை வைக்க இடம் போதவில்லை. அவற்றை நூலகத்தை ஒட்டிய நடைவழியில் கண்காட்சியாக வைத்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதன் கதையைப் பிள்ளைகளே தங்கள் கையெழுத்தில் எழுதி வைத்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் ஒரு பெட்டியும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்குக்கு நேராகப் பணம் போய்ச் சேரும் டூயிட்நவ் கியூஆர் அட்டையும் மட்டும் இருந்தன.

கண்காட்சிக்கு வந்த ஒரு பெரியவர் தாம் சிறுவனாக அந்தக் கப்பலில் வந்தவர். கரைக்கு விடுவதற்கு முன், பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் பயணிகளைத் தனிமைப்படுத்தி வைத்திருந்ததைப் பற்றி, தம் அம்மா அங்கே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சியதைப் பற்றி, பிள்ளைகளிடம் வெகுநேரம் பேசினார். நாடகத்தின் மூன்றாம் காட்சி அவர் கொடுத்தது. ஐயா, நீங்கள் பெட்டியில் போட்ட தொகையும் பெரிதுதான். அந்தக் காட்சிக்கு ஈடாக எங்களால் எதையும் சொல்ல முடியாது.

மாமாவும் அக்காவுமாகச் சேர்ந்து எண்ணெய் சேகரித்துக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கு அடுத்த நன்றி. தீபாவளி முடிந்த வாரத்தில் எல்லா வீட்டிலும் முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் மிஞ்சியிருக்கும். பலர் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவார்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பயன்படுத்திய சமையல் எண்ணெயை எடைபோட்டு வாங்கிச் செல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அது பயோடீசல் செய்யப் போகிறது. இந்த யோசனையைச் சொன்னவர் லோரி ஓட்டும் ஒரு தந்தை. வாங்குபவரிடம் பேசி விலையை முன்கூட்டியே எழுதி வாங்கி வந்தவரும் அவரே. எண்ணெயை நன்றாக ஆறவிட்டு, வடிகட்டி, மூடியுள்ள போத்தலில் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஒரு துளியும் கலக்கக் கூடாது. கலந்தால் வாங்குபவர் எடுக்க மாட்டார். இதையெல்லாம் பிள்ளைகள் சிறு தாள்களில் எழுதி ஒவ்வொரு கதவின் அடியிலும் செருகினார்கள். கீழ்த்தளத்தில் பீப்பாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அந்த அக்காவுக்குத் தனியாகக் கைகூப்புகிறேன். இந்த வேலைக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வருகிற தீபாவளிக்கும் இதைச் செய்யப்போகிறோம்.

தைப்பூசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்லாயிரம் பேர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும் நாளில் ஒரு கடை போட்டுப் பானம் விற்றால் ஒரே நாளில் செலவை ஈடுகட்டிவிடலாம் என்று சிலர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். தண்ணீர்ப்பந்தல் வைத்து இலவசமாக மோரும் சோறும் கொடுக்கிற சாலையில் நம் பிள்ளைகளைக் காசு வாங்க நிற்கவைக்க வேண்டாம் என்று மூத்தவர்கள் மறுத்தார்கள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஆகவே பெற்றோர் துணையோடு பெரிய மாணவர்கள் ஒரு பந்தலில் தொண்டு செய்தார்கள். மோர் ஊற்றினார்கள், குப்பை பொறுக்கினார்கள். எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை. ஆனால் அந்தப் பந்தல் குழுவினர் நாடகத்தன்று தங்கள் கூடாரத்தையும் நாற்காலிகளையும் பெரிய அண்டாக்களையும் லோரியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். வாடகைக்கு எடுத்திருந்தால் எங்கள் கணக்கில் அது ஒரு பெரிய செலவாக நின்றிருக்கும். அண்ணன்மார்களே, நீங்கள் அன்று இரவு கடைசி நாற்காலியை மடக்கி அடுக்கும் வரை வீட்டுக்குப் போகவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம்.

நாடக மலரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. விளம்பரம் வாங்கி மலர் போடுவது நம் எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் கடைக்காரர்கள் முழுப்பக்கமும் அரைப்பக்கமும் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் மலரை வாழவைத்தது பத்து வெள்ளி (ரிங்கிட்) பெயர் வரிகள். பத்து வெள்ளி கொடுக்கும் குடும்பம், கப்பலில் வந்த தங்கள் முன்னோர் ஒருவரின் பெயர், ஊர், வந்த ஆண்டு மூன்றையும் ஒரு வரியில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தோம். முழுப்பக்க விளம்பரம் கொடுக்க வசதியில்லாதவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஆண்டு தெரியாதவர்கள் ஊரை மட்டும் கொடுத்தார்கள். ஊரும் தெரியாதவர்கள் பெயரை மட்டும் கொடுத்தார்கள். பாட்டனின் பெயரை எழுதும்போது எந்த எழுத்து என்று தெரியாமல் தந்தையிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே எழுதினார் ஒரு இளைஞர். தம் குடும்பத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது என்றார். இணைத்துத் தைக்கும் மலரில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். பெயர்கள் 16 பக்கத்துக்குள் அடங்காமல் வழிந்தபோது, அச்சகத்துத் தம்பி 20 பக்கமாக ஆக்கி, கூடுதல் நான்கு பக்கத்துக்குத் தாள் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அட்டைக்கு மட்டும் வண்ணம், உள்ளே கறுப்பு வெள்ளை என்று சொல்லிச் செலவைக் குறைத்தவரும் அவர்தான்.

சட்ட விவரங்களை எங்களுக்காகப் பார்த்துச் சொன்ன வழக்கறிஞர் அம்மாவுக்கு நன்றி. தெருவிலும் வீடுவீடாகவும் உண்டியல் ஏந்த வேண்டுமானால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னதாகவே உரிமம் வாங்க வேண்டும். குலுக்குச் சீட்டு என்றால் 1952ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் குறுக்கே வரும் என்று அவர் எடுத்துச் சொன்னதால் அந்த இரண்டையும் விட்டுவிட்டோம். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலோடு கடைவாசலில் நிற்கக் கூடாது என்பதில் எனக்கு முன்பிருந்தே உறுதி உண்டு. பார்த்தும் கேட்டும் தின்றும் படித்தும் மகிழ ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் நம் பிள்ளைகள் கை நீட்ட வேண்டும்.

வருமான வரிக் கழிவுக்குரிய ரசீது கேட்ட ஒரு வணிகரிடம், அரசின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் அத்தகைய ரசீதைத் தர முடியும், எங்களால் சாதாரண ரசீதுதான் தர இயலும் என்று சொன்னோம். "சாதாரண ரசீதே போதும்" என்று சொல்லிவிட்டு, முன்பு சொன்ன தொகையை ஒரு வெள்ளிகூடக் குறைக்காமல் கொடுத்தார்.

நாசி கண்டார் சோற்றுக் கடை பாய் ஒத்திகை நாட்களுக்கு அடக்க விலையில் சாப்பாடு தந்தார். நாடகத்தன்று பொட்டலங்களை எங்களிடம் அதே விலைக்குக் கொடுத்து, விற்ற லாபம் முழுவதையும் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். இரு முனையிலும் சுமை தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்குச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு இது என்பதைப் பிள்ளைகள் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கப்பல் கரைசேரும் காட்சியில் அப்படி ஒருவரைச் சேர்த்தும் கொண்டார்கள். கம்பைத் தோளில் எப்படிச் சமன்செய்து நடக்க வேண்டும் என்று கடைவாசலிலேயே நடந்து காட்டினார். பாய், அன்று உங்கள் கடையில் சாப்பிட வந்தவர்களும் கை தட்டினார்கள்.

இரும்புச் சாமான் கடை முதலாளி தவுக்கே மேடை விளக்குகளையும் வடங்களையும் இரவல் தந்து, அவற்றைப் பூட்டத் தம் ஆளையும் அனுப்பினார். சிற்றுண்டிச்சாலை மாக்சிக் (மலாய் அம்மா) ஒத்திகை முடிந்து பசியோடு வந்த பிள்ளைகளுக்காக வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார். துணிக்கடைகள் துண்டுத் துணிகள் தந்தன. தையல் தெரிந்த தாய்மார்கள் அவற்றை உடைகளாக்கினார்கள். தலைமையாசிரியரும் சக ஆசிரியர்களும் தேர்வுத் தாள்களுக்கு நடுவிலும் எங்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். பாதுகாவலர் அண்ணன் ஒவ்வொரு மாலையும் வாசலைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

வரவு செலவுக் கணக்கு, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர் கையொப்பத்தோடு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ரசீதுகள் அலுவலகத்தில் உள்ளன. யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். மிச்சப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஒலிவாங்கிகள் வாங்கச் செலவிடலாம் என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாடகைக்கு எடுப்பதைவிட அதுவே சிக்கனம்.

உடைகளைத் துவைத்து, அளவு எழுதி, பெட்டிகளில் அடுக்கிவைத்திருக்கிறோம். மற்றத் தமிழ்ப்பள்ளிகள் தங்கள் நாடகத்துக்கு அவற்றை எடுத்துக்கொள்ளலாம். துவைக்கும் செலவுக்கு ஒரு சிறு கட்டணம் மட்டும் வாங்குவோம். அது அடுத்த நாடக நிதியில் சேரும். எங்களைப் போலவே நிதிக்கு வழி தேடும் ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்தால் எண்ணெய் வாங்குபவரோடு போட்ட கணக்கு, மலரின் விளம்பரப் படிவம், கண்காட்சிக் கடிதம் எல்லாவற்றையும் படியெடுத்துத் தருகிறேன்.

இரவல் பொருட்களை இம்மாதச் சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை நூலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளுங்கள். வர இயலாத முதியவர்கள் சொல்லி அனுப்பினால் நாங்களே வீட்டில் கொண்டுவந்து சேர்ப்போம். பச்சை வண்ணம் பூசிய ஒரு தகரப்பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு விழுந்துவிட்டது. மூடியின் உட்புறம் முருகன் படம் ஒட்டிய பெட்டி அது. உரியவர் தயவுசெய்து அலுவலகத்தில் தெரிவிக்கவும்.

நன்றியுடன்,
நாடகக் கழகப் பொறுப்பாசிரியை