பூநாரைக்கு இறால் மட்டுமா உணவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டீஸ் மலையின் உப்பு ஏரிகளைப் பற்றிய கட்டுரையில், அங்குள்ள பூநாரைகள் 'இறால் தின்று சிவக்கின்றன' என்று ஒரு வரி வந்திருந்தது. எல்லோரும் எழுதுகிற வரிதான். ஆனால் அந்த உயரத்தில் வாழும் மூன்று இனங்களில் இரண்டுக்கு அது பொருந்தாது.

பொலிவியாவின் லகுனா கொலராடா 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே கூட்டமாக மேயும் ஜேம்ஸ் பூநாரைக்கு முக்கிய உணவு டயட்டம் எனும் ஒற்றைச்செல் பாசி. ஆண்டீஸ் பூநாரைக்கும் அதேதான். எரிமலைப் பாறைகளைக் கடந்து வரும் நீரில் சிலிக்கா தாராளம். அதைக்கொண்டு டயட்டம் தன் கண்ணாடி ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. கரையோரச் சேற்றின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பறவை தலையைக் கவிழ்த்து, மேல் அலகு அடியில் வரும்படி வைத்து, நாக்கைப் பம்பு போல இயக்கி அந்தக் கலங்கல் நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் நெருக்கமாக அடுக்கிய தகடுகளில் பாசி தங்கிவிடும். உடம்பின் சிவப்பும் அந்தப் பாசியின் கரோட்டினாய்டு நிறமியிலிருந்து வருவதே.

மூன்று இனங்களும் ஒரே ஏரியில் மேய முடிவதற்குக் காரணம் இந்தச் சல்லடைதான். ஜேம்ஸ் பூநாரையுடையது மிக நெருக்கமானது. 60 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய டயட்டத்தைப் பிடிக்கும். ஆண்டீஸ் பூநாரை 80 மைக்ரானுக்கு மேற்பட்டதை எடுக்கும். சிலி பூநாரையின் தகடுகள் அகலமாக விலகியிருப்பதால், மில்லிமீட்டர் கணக்கில் அளக்கக்கூடிய கோப்பிபோட் எனும் குட்டி ஓட்டுடலி, ஆர்ட்டீமியா எனும் உப்புநீர் இறால், பூச்சிப் புழுக்கள் அதன் பங்கு. உங்கள் 'இறால்' இங்கேதான் ஓரளவு சரி.

மீன் இருந்தால் பறவைக்கு நல்லது என்று கட்டுரை சொல்வதும் தவறு. பெருவின் மலை ஏரிகளில் நடந்து 1986இல் வெளியான ஆய்வில், மீனுள்ள ஏரிகளில் சிலி பூநாரைகள் குறைவாகவும் மீனில்லாத ஏரிகளில் அதிகமாகவும் இருந்தன. கோப்பிபோட்டுக்கு மீனும் போட்டியாளர். உப்பு கூடிய ஏரியில் மீன் நிலைக்காது. அந்த உப்பு பூநாரைக்குச் சாதகம். பூநாரைகள் மேய்வதும் கொஞ்சநஞ்சமல்ல. ஏரியில் சிறு பகுதிகளை அடைத்து அவற்றை உள்ளே விடாமல் பார்த்தபோது, அடைப்புக்குள் டயட்டமும் மற்ற நுண்ணுயிர்களும் பெருகிவிட்டன.

குளிர்காலத்தில் இரவில் கரையோரம் உறைந்துவிடும். வெந்நீர் ஊற்று கலக்கும் இடங்களில்தான் அப்போது சேறு திறந்திருக்கும். பல பறவைகள் தாழ்வான ஏரிகளுக்கு இறங்கிவிடுவதும் உண்டு.

சிலியின் அட்டகாமா உப்புவெளியில் லித்தியத்துக்காக உப்புநீர் இறைப்பதைக் கட்டுரை குறிப்பிட்டது நல்லது. ஆனால் பாதிப்பு எப்படி வரும் என்பதை விட்டுவிட்டது. இவை தட்டையான, ஆழமில்லாத குளங்கள். நீர் சில சென்டிமீட்டர் இறங்கினாலே கரை வெகுதூரம் உள்வாங்கி, மேயும் சேறு வெயிலில் காய்ந்துவிடும். நீரோடு சேர்ந்து வந்தால்தான் இந்த அலகால் வடிகட்ட முடியும். காய்ந்த சேற்றை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த முறை பறவைகளின் எண்ணிக்கையோடு, கரையோரத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்